அம்மாவின் மெசின்

இழப்பீட்டு விண்ணப்பத்தில் சொத்தின் உரிமையாளரே ஒப்பமிட வேண்டும். படிவத்தின் தலைப்பிலேயே அப்படித்தான் அச்சிட்டிருந்தது. பிற்காலத்தில் இத்தகைய விதிகளைக் காவல் காத்தே நான் ஓய்வூதியம் பெற்றேன். அச்சிட்டவர்களை அவை கட்டுப்படுத்துவதில்லை.

அப்பா கண்டியில் அரசாங்க எழுதுவினைஞர். அம்மா அயலாருக்குக் கையால் தைத்துக் கொடுத்து, வந்த கூலியைப் பால்மா டின்களில் பிரித்துப் போடுவார்: நூலுக்கு ஒன்று, வீட்டுக்கு ஒன்று, தையல் மெசினுக்கு ஒன்று. மெசின் டின்னைக் காய்ச்சல்கூடத் திறக்க முடியாது. சந்தைக்கு நடை, சுமையோடு திரும்பும்போது மட்டும் பஸ். எதை வாங்க முன்னும் ஒரே கேள்வி: "இது இண்டைக்கே வேணுமோ?" என் கிரிக்கெட் மட்டை அந்தக் கேள்வியிலேயே மாண்டது.

"மத்திய வங்கி வருகுது, எழும்பு" என்று அம்மாவைக் கண்டதும் என்னிடம் சொல்வார் அப்பா.

மெசின் வந்து ஒரு வருடமாகவில்லை, தமிழருக்கு எதிரான 1983 ஆடிக் கலவரத்தில் வீடு எரிந்தது. மடவளையில் அப்பாவின் சிநேகிதர் வீட்டில் ஒளிந்திருந்து திரும்பியபோது, மெசினின் இரும்பு மட்டும் மழையில் நின்றது.

அப்பா பழக்கதோஷத்தில் கதிரை, அலுமாரி, மெசின் எல்லாவற்றையும் தன் பெயரிலேயே எழுதினார். அம்மா வாசித்தார்.

"மெசின் ஆர் வாங்கினது?"

"குடும்பத் தலைவர் எழுதினாக் காசு கெதியா வரும்" என்றார் அப்பா.

"கதிரையை நீங்கள் எழுதுங்கோ. இது நான் உழைச்சது. எனக்கு வேற விண்ணப்பப் போம் எடுத்துத் தாங்கோ."

மாவட்ட அரச அலுவலகமான கச்சேரியில் எழுதுவினைஞர் அந்தப் படிவத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "மாத்தயா கையெழுத்துப் போட்டாப் போதும், நோனா" என்றார், சிங்கள மரியாதையில் அப்பாவை ஐயாவாகவும் அம்மாவை அம்மணியாகவும் அழைத்து.

"அவர் தைக்கேல்லையே."

அப்பாவின் இழப்பீடு அடுத்த தீபாவளிக்குள் வந்தது. அம்மா தானே ஒப்பமிட்டுக் கொடுத்த விண்ணப்பத்துக்கு ஒன்றுமில்லை. ஒரு கையெழுத்துக்காக மெசினையே இழக்கும் வீம்பு என்றுதான் எட்டாம் வகுப்பில் படித்த எனக்குப் பட்டது. அம்மா மறுபடி டின்களை அடுக்கினார். இரண்டாவது மெசினின் சத்தத்தில்தான் நான் உயர்தரப் பரீட்சைக்குப் படித்தேன்.

அந்த வருடம் அப்பா திடீரென்று இறந்தார். "இனி என்னெண்டு சமாளிக்கப் போறியள்?" என்று வந்தவர்கள் எல்லோரும் கேட்டார்கள். வீட்டு டின் அந்த மாதத்தைத் தாங்கியது. மெசின் துணி போர்த்தியபடி இருந்தது.

முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிச் சடங்கு முடிந்து, மறுநாள் காலை அம்மா துணியை எடுத்து, சக்கரத்துக்கு எண்ணெய் விட்டார். கச்சேரியின் பதிலைத் தபால்காரர் கொண்டுவந்தது அப்போதுதான். விண்ணப்பத்தைக் கணவரின் ஒப்பத்துடன் மீள அனுப்பவும் என்றிருந்தது.

அன்று செவ்வாய்க்கிழமை, எதையும் தொடங்காத நாள். அம்மா மெசினை மிதித்தார்.