கோட்டை வீட்டின் பின்கதவு

என் கையெழுத்து கோணலாக இருக்கும், எழுத்துப் பிழைகளும் இருக்கும். ஐந்தாம் வகுப்போடு என் பள்ளிக்கூடம் நின்றுவிட்டது. வாசிப்பவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

போன கோடையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை நடந்தது இது. சுவிட்சர்லாந்தில், இன்டர்லாக்கனில் ஒரு ஹோட்டல் சமையலறையில் பாத்திரம் கழுவுவது என் வேலை. கிழமை முழுக்க நின்ற கால்களுக்கு அன்றுதான் ஓய்வு. கனடாவிலிருந்து வந்திருந்த மனைவியின் தம்பி, ஏரிக்கரையிலுள்ள பழைய கோட்டையைப் பார்க்க ஆசைப்பட்டார். ஒரே குடும்பம் தலைமுறை தலைமுறையாக வாழும் கோட்டை அது. ஒரு பகுதியை மட்டும் சனங்கள் பார்க்கத் திறந்துவிட்டிருக்கிறார்கள். எனக்குத் தூக்கம்தான் வேண்டியிருந்தது.

"உங்கட நித்திரை எங்கயும் ஓடாது, வெளிக்கிடுங்கோ" என்றாள் மனைவி. போனேன்.

அங்கே படிகள் முடியவே இல்லை. இரண்டு மண்டபம் பார்த்ததும் கால் கெஞ்சியது. அவர்களை மேலே அனுப்பிவிட்டு, உட்கார இடம் தேடிக் கீழே இறங்கினேன். பின்பக்கம் ஒரு கதவு திறந்திருந்தது. வாசலில் நாலைந்து சோடி சப்பாத்துகள். இங்கே கழற்றிவிட்டுத்தான் பார்க்கப் போகவேண்டும் போல என்று நினைத்து, நானும் கழற்றிப் பக்கத்தில் வைத்துவிட்டு உள்ளே போனேன்.

அது அவர்களுடைய சொந்தச் சமையலறை. பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த வயதான அம்மா ஒருவர் திடுக்கிட்டுத் திரும்பினார். யார் நீ, எப்படி வந்தாய் என்று ஜெர்மன் மொழியில் கேட்டபடி, ஈரக் கையோடு தொலைபேசியை எடுத்தார். குடியுரிமைக்கு விண்ணப்பித்துவிட்டுக் காத்திருக்கிறேன். அடுத்தவர் வீட்டுக்குள் புகுந்தான் என்று பொலிசுக்கு ஒரு முறைப்பாடு போனால், எல்லாம் அதோடு சரி. என் காலுறைகளைக் காட்டினேன். பிறகு வாசலைக் காட்டினேன்.

அவர் எட்டிப் பார்த்தார். அவை தன் பேரப்பிள்ளைகளின் சப்பாத்துகள் என்றார். தொலைபேசியை வைத்துவிட்டு, சிரிக்கவும் தெம்பில்லாதவர் போல ஒரு கதிரையைக் காட்டினார். முந்தின நாள் மண்டபத்தை ஒரு கல்யாணத்துக்கு வாடகைக்கு விட்டிருந்தார்களாம். உதவிக்கு வருகிற பெண் வரவில்லையாம். கூரை ஒழுகுகிறதாம், அதைத் திருத்தக் காசு வேண்டியிருப்பதால் இப்படிக் கொடுக்காமலும் இருக்க முடியாதாம். மேசை முழுக்க வைன் கிளாஸ்கள்.

கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். பிறகு துணியை எடுத்தேன். அவர் ஒரு கிளாஸை என்னிடம் நீட்டினார். அவர் கழுவினார், நான் துடைத்தேன்.

தேடிக்கொண்டு வந்த மைத்துனர் வாசலில் நின்று சிரித்தார். "என்ன அத்தான், கோட்டைக்கு வந்தும் கோப்பை கழுவலோ?"

அவர் என்ன சொல்கிறார் என்று அந்த அம்மா கேட்டார். நான் மொழிபெயர்க்கவில்லை.

குடியுரிமை பற்றி இன்னும் பதில் இல்லை. அது வந்தாலும் வராவிட்டாலும், இந்த நாட்டில் முதல் பயம் தெளிந்த பிறகு யாருக்கும் பயப்படாமல் நான் களைத்துப்போய் நின்ற ஒரே வீடு அந்தக் கோட்டைதான்.

எழுதியது, தைப்பொங்கலுக்கு அடுத்த நாள்.