அக்கா எழுபத்தொன்றாம் பக்கத்தை நெருங்கியபோது

என் புத்தகத்தை ஊரே படித்தாலும் பரவாயில்லை, அக்கா மட்டும் படிக்கக் கூடாது என்றுதான் இருந்தேன். அப்படிப்பட்ட நான் மேடையில் முதல் பிரதியை அக்காவின் கையில்தான் கொடுத்தேன். என் கணவர் இன்றைக்கும் இதைச் சொல்லிச் சிரிக்கிறார். அவருக்கு என்ன, அவரைப் பற்றி நான் ஒரு வரிகூட எழுதவில்லை.

பதினோரு சிறுகதைகள் அடங்கிய என் முதல் தொகுப்பை, அக்கா குடியிருக்கும் ஜாசின் ஊரில் ஒரு சின்ன மண்டபத்தில் வெளியிட்டோம். நம் ஊர் வெளியீட்டு விழாக்களில் முதல் நூலைப் பெற்றுக்கொள்ள ஒரு பெரிய மனிதர் வேண்டும். பெயருக்கு முன்னால் பட்டம் இருந்தால் இன்னும் நல்லது. நாங்கள் சொல்லி வைத்திருந்தவர் அன்று காலையில் வேறு நிகழ்ச்சிக்குப் போய்விட்டார். ஏற்பாட்டாளர் மைக்கைக் கையால் பொத்திக்கொண்டு, "யாரையாச்சும் சீக்கிரம் கூப்பிடுங்க டீச்சர்" என்றார். நான் டீச்சர் இல்லை, பள்ளி அலுவலகத்தில் கடிதம் எழுதும் கிராணி. அதைத் திருத்தக்கூட நேரமில்லை. முன்வரிசையில், மகள் கல்யாணத்துக்கு எடுத்த பட்டுப்புடவையில் அக்கா உட்கார்ந்திருந்தாள். என் வாய் தானாகவே "என் அக்கா" என்று சொல்லிவிட்டது.

எல்லோரும் கைதட்டினார்கள். அக்கா இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள். நான் மேடையில் நின்றபடியே எனக்குத் தைரியம் சொல்லிக்கொண்டேன். அக்கா எங்கே படிக்கப் போகிறாள்? செங் வட்டாரத்தில் இருக்கும் தொழிற்சாலைக்கு விடியுமுன் பஸ் ஏறுகிறாள், இருட்டிய பிறகு வருகிறாள். கைத்தொலைபேசியில் வரும் காலை வணக்கங்களைத் தவிர அவள் எதையும் படித்து நான் பார்த்ததில்லை. புத்தகம் டிவிக்கு மேலே அலங்காரமாக இருக்கும், அவ்வளவுதான்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவள் வீட்டுக்குப் போனேன். டீயைக் கொடுத்துவிட்டு, "பஸ்ல படிக்க ஆரம்பிச்சிட்டேன்டி. மொத கதை முடிஞ்சிருச்சு" என்றாள்.

நான் டீயைக் குடிக்காமலே கீழே வைத்தேன்.

காரணத்தைச் சொல்லிவிடுகிறேன். அந்தத் தொகுப்பில் எழுபத்தொன்றாம் பக்கத்தில் தொடங்கும் கதை அக்காவுடையது. தோட்டத்தின் பெயரை மாற்றியிருந்தேன், பெண்ணுக்கு வேறு பெயர் வைத்திருந்தேன். பெயரை மாற்றினால் ஆள் மாறிவிடுமா? எண்ணெய்ப்பனைத் தோட்டம். தொழிலாளர் வீடுகள் வரிசையாக நின்ற லயத்தில் கடைசி வீடு. பழக்குலை விழுந்து தோள் உடைந்த அப்பா. ஒன்பதாம் வகுப்பான படிவம் மூன்றோடு பள்ளியை விட்டு, சாக்கோடு உதிரிப் பழம் பொறுக்கப் போன மகள். எங்கள் லயத்தில் இருந்தவர்கள் யார் படித்தாலும் முதல் பத்தியிலேயே கண்டுபிடித்துவிடுவார்கள்.

கதை முழுக்க அக்காதான். ஒரு தங்கை இருந்தாள் என்பதையே நான் எழுதவில்லை. கதைக்கு அவள் தேவைப்படவில்லை என்று அப்போது நினைத்தேன்.

இனிமேல் பள்ளிக்குப் போக வேண்டாம் என்று அப்பா சொன்ன மதியத்தில், அக்கா அவரைப் பார்த்து ஒன்று கேட்டாள். "உங்க தோளு ஒடஞ்சதுக்கு ஏம்பா என் காலை ஒடைக்கிறீங்க?" அப்பா சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். அந்தப் பேச்சை எங்கள் வீட்டில் அதற்குப் பிறகு யாரும் எடுத்ததே இல்லை. இன்றைக்கு அப்பா இல்லை. அக்கா தினமும் பஸ் ஏறுவதற்கு முன்னால் அவர் படத்துக்கு ஒரு பூ வைத்துவிட்டுத்தான் கிளம்புகிறாள். அப்படிப்பட்டவள் பதினைந்து வயதில் வயிறெரிந்து கேட்டதை நான் முந்நூறு பிரதி அச்சடித்து ஊருக்கு விற்க வந்துவிட்டேன்.

அந்தக் கதைக்குத்தான் ஒரு போட்டியில் ஆறுதல் பரிசு கிடைத்தது. நடுவர் அதன் முடிவை மிகவும் பாராட்டினார். படிவம் நான்குக்காக வாங்கி வைத்த புது வெள்ளைச் சப்பாத்து, பள்ளிக் காலணி, பெட்டி பிரிக்கப்படாமலே அலமாரி மேல் கிடக்கிறது. பல வருடம் கழித்து லயத்தைக் காலி செய்யும்போது திறந்து பார்த்தால் எலி தின்றிருக்கிறது. "இந்தச் சப்பாத்து ஒரு தலைமுறையின் கனவு" என்றார் நடுவர். நான் தலையைக் குனிந்து அடக்கமாகச் சிரித்துக்கொண்டேன்.

நாற்பத்தைந்து வயதுக்கு மேல்தான் நான் எழுத வந்தேன். அதுவரை எழுதியதெல்லாம் அலுவலகக் கடிதங்கள். சாக்கடை அடைத்துக்கொண்டது, கூரை ஒழுகுகிறது, தயவுசெய்து ஆவன செய்யவும். பிறகு வாரம் ஒரு முறை இணையத்தில் கூடும் ஓர் எழுத்துக் குழுவில் சேர்ந்தேன். உள்ளே இருப்பதை வெளியே கொண்டு வாருங்கள் என்பார்கள். எவ்வளவு சுலபமாகச் சொல்லிவிடுகிறார்கள். எனக்குள்ளே நான் மட்டுமா இருக்கிறேன்? அப்பா இருக்கிறார், அக்கா இருக்கிறாள், லயத்தில் பாதிப் பேர் இருக்கிறார்கள். கதவைத் திறந்தால் அவர்களும்தானே வெளியே வருவார்கள். அவர்களிடம் யார் அனுமதி கேட்டது?

மடியில் கனம் இருந்தால் வழியில் பயம் இருக்கத்தானே செய்யும். கிளேபாங்கில் இருக்கும் என் வீட்டிலிருந்து ஜாசினுக்கு மாதம் ஒரு தடவை போனால் பெரிது. இப்போது ஞாயிறு தவறாமல் போக ஆரம்பித்தேன். "என்னடி திடீர்னு பாசம்?" என்று அக்கா கேட்டாள். ஜாசின் பசாரில் காய் மலிவாக இருக்கிறது என்றேன். அவள் அடுப்படிக்குப் போன உடனே நான் டிவி பக்கம் போவேன். பக்கத்தை அடையாளம் வைக்க கிளினிக்கில் வேலை விடுப்புக்குக் கொடுத்த பழைய எம்சி சீட்டு ஒன்றை அவள் செருகி வைத்திருந்தாள். அது எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்று பார்ப்பேன். இருபத்து நான்கு. அடுத்த வாரம் முப்பத்தெட்டு. காய்ச்சல்காரப் பிள்ளைக்குச் சூடு பார்ப்பது போலப் பார்த்தேன்.

ஒரு வாரம் சீட்டு அதே இடத்தில் இருந்தது. பஸ்ஸில் விளக்கு கெட்டுவிட்டதாம். அந்த விளக்கைச் சரிசெய்யவே கூடாது என்று நான் வேண்டிக்கொண்டதைச் சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. மறு வாரம் விளக்கு எரிந்தது. சீட்டு ஐம்பத்தாறுக்குப் போயிருந்தது.

அந்த நாட்களில் என்னால் ஒரு வரி எழுத முடியவில்லை. புதிய கதை ஒன்றைத் தொடங்குவேன். ஒரு பெண் கதவைத் திறப்பாள். யார் வீட்டுக் கதவு, யார் முகம் என்று யோசிப்பேன், கணினியை மூடிவிடுவேன். எழுத வந்தபிறகுதான் நான் ஒரு ஆளானேன் என்று நினைத்துக்கொண்டிருந்தவள் நான். அலுவலகத்தில் தலைநிமிர்ந்து பேசினேன், கூட்டத்தில் மைக்கைப் பிடித்தேன். எல்லாம் அக்காவின் கண்ணீரை விற்று வாங்கியதுதானோ என்று தோன்ற ஆரம்பித்தது. அவளிடம் முன்கூட்டியே சொல்லிவிடலாம் என்று நினைத்து இரண்டு முறை வாயைத் திறந்தேன். இரண்டு முறையும் வெண்டைக்காய் விலையைத்தான் கேட்டேன்.

பிறகு ஒரு ஞாயிறு, சீட்டு எழுபத்தொன்பதில் இருந்தது. கதையின் கடைசிப் பக்கம். அக்கா அடுப்படியிலிருந்து வந்தாள். நான் புத்தகத்தை வைத்துவிட்டு ஜன்னலைப் பார்த்தேன். அவள் கதையைப் பற்றி ஒன்றும் பேசவில்லை. மகள் பிள்ளைக்குப் பல் முளைத்ததைச் சொன்னாள். கிளம்பும்போது வழக்கமாகக் கொடுக்கும் கறிவேப்பிலையைக் கொடுக்க மறந்துவிட்டாள். வீடு வந்து சேரும்வரை அந்தக் கறிவேப்பிலையைப் பற்றித்தான் யோசித்துக்கொண்டு வந்தேன்.

அடுத்த வாரம் தலைவலி என்று சொல்லிப் போகாமல் இருந்துவிட்டேன். மதியம் போன் வந்தது.

"கெம்போங் மீன் வாங்கி வச்சிருக்கேன். வந்துட்டுப் போ லா."

"தலை வலிக்குதுக்கா."

"வலிக்கும். வா."

போனேன். அக்கா மீனுக்கு மசாலா தடவி வைத்திருந்தாள். கையைக் கழுவித் துடைத்துவிட்டு, புத்தகத்தை எடுத்துக்கொண்டு வந்து என் எதிரில் உட்கார்ந்தாள். எனக்குப் பொறுக்க முடியவில்லை. நானே ஆரம்பித்தேன்.

"அப்பாவைப் பத்தி அப்படி எழுதிருக்கக் கூடாதுக்கா. உன்கிட்ட கேட்டிருக்கணும்."

"நான் கேட்டதைத்தானே எழுதிருக்க. அப்பா ஆஸ்பத்திரில இருக்கும்போது அவரே அதைப் பத்திப் பேசுனாரு. எங்க ரெண்டு பேருக்கும் அது எப்பவோ தீர்ந்துருச்சு."

எத்தனை வாரம் தூங்காமல் கிடந்தேன். அது தீர்ந்துபோன கணக்காம். நான் மூச்சு விட்டேன். அவள் புத்தகத்தைப் பிரித்துக் கடைசிப் பத்தியில் விரலை வைத்தாள்.

"சப்பாத்தை எலியா தின்னுச்சு?"

நான் அவள் விரலையே பார்த்தேன்.

"பஸ்ல என் பக்கத்துல ஒரு பொண்ணு உக்காரும். சின்னப் பொண்ணு, புதுசா வேலைக்கு வந்திருக்கு. இது என் கதை, என் தங்கச்சி எழுதுனான்னு சொல்லி அவகிட்ட குடுத்தேன். படிச்சிட்டு, 'பாவம் ஆன்ட்டி, சப்பாத்தை எலி தின்னுடுச்சா'ன்னா. இல்லம்மா, என் தங்கச்சி போட்டுகிட்டுப் போனான்னு சொன்னேன். நம்ப மாட்டேங்குறா. புக்குல அப்படி இல்லியே ஆன்ட்டின்னு சொல்றா."

"கதைக்காக அப்படி முடிச்சேன்கா" என்றேன்.

உண்மையில் நடந்தது இது. அந்த ஆண்டிறுதி விடுமுறையில், அப்பா சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்த பிறகு, அக்கா வீட்டுக்குப் பின்னால் துணி துவைக்கும் இடத்துக்குப் போய் அழுதாள். எனக்குப் பன்னிரண்டு வயது. அடுத்த மாதம் நான் படிவம் ஒன்றுக்குப் போக வேண்டும், என் சப்பாத்து முனையில் ஓட்டை. நான் நாற்காலியைப் போட்டு அலமாரி மேலிருந்த பெட்டியை எடுத்தேன். சப்பாத்து பெரியதாக இருந்தது. முனையில் பத்திரிகைத் தாளைக் கசக்கி வைத்துப் போட்டுக்கொண்டு வீட்டுக்குள் குறுக்கும் நெடுக்கும் நடந்தேன். எனக்குச் சந்தோஷமாக இருந்தது. வேறு வார்த்தை போட்டு இதை மெழுக முடியாது. திரும்பினால் அக்கா வாசற்படியில் நிற்கிறாள். கண் வீங்கியிருந்தது. நான் கழற்றவும் இல்லை, நகரவும் இல்லை. அவள் வந்து குனிந்து, அவிழ்ந்திருந்த கயிற்றை இறுக்கிக் கட்டிவிட்டாள்.

கதையை முதல் தடவை எழுதியபோது அந்தத் தங்கை அதில் இருந்தாள். மூன்றாம் தடவை திருத்தும்போது அவளை எடுத்துவிட்டேன். அவள் போனதும் கதை கட்டுக்கோப்பாக ஆனது போல இருந்தது. சப்பாத்துக்கு ஓர் இடம் வேண்டும், பெட்டியிலேயே விட்டேன். எலி அதற்குப் பிறகு வந்தது. இதையெல்லாம் அன்று நான் கலை என்று நினைத்துக்கொண்டேன். அக்காவின் முன்னால் உட்கார்ந்திருந்தபோதுதான், நான் ஒளிந்துகொள்ள இடம் தேடியிருக்கிறேன் என்று தெரிந்தது. எனக்கு வெட்கமாக இருந்தது.

"என் படிப்பு போச்சு, சரி" என்றாள் அக்கா. "ஆனா என் சப்பாத்து ரெண்டு வருஷம் ஸ்கூலுக்குப் போச்சு. பழம் பொறுக்கப் போற வழியில நீ ஸ்கூல் பஸ்ல ஏறுறதைப் பாப்பேன். மொகத்தைப் பாக்க மாட்டேன், காலைத்தான் பாப்பேன். ஞாயித்துக்கிழம ஞாயித்துக்கிழம அதைத் தேச்சுக் கழுவி வெள்ளை பூசி வெயில்ல வச்சது யாருடி? அதைப் போயி எலிக்குப் போட்டுட்டியே."

அவள் கோபமாகச் சொல்லவில்லை. கோபித்திருந்தால் நான் ஏதாவது பதில் தேடியிருப்பேன்.

சுவரில் நாள்காட்டியோடு நூலில் கட்டித் தொங்கவிட்டிருந்த பேனாவை அவிழ்த்துக்கொண்டு வந்து என் கையில் கொடுத்தாள். "மத்த புக்கை விடு. இதுல மட்டுமாச்சும் மாத்து."

நடுவர் பாராட்டிய நான்கு வரிகளையும் அடித்தேன். ஓரத்தில் இருந்த இடத்தில், அன்று சாயங்காலமே தங்கை அதைப் போட்டுப் பார்த்தாள் என்று எழுதினேன். அக்கா புத்தகத்தைத் தன் பக்கம் திருப்பிப் படித்தாள்.

"சந்தோஷமா இருந்துச்சுல்ல உனக்கு?"

"இருந்துச்சுக்கா."

"அதையும் எழுது."

எழுதினேன். வெள்ளை பூசியதையும் எழுதச் சொன்னாள். அதற்குள் ஓரத்தில் இடம் முடிந்துவிட்டது, பக்கத்தின் அடியில் எழுதினேன். பிறகு அவள் எழுந்து போய் மீனைப் பொரித்தாள். நாங்கள் சாப்பிட்டோம். கிளம்பும்போது கறிவேப்பிலை கொடுத்தாள்.

மீதிப் பிரதிகள் என் வீட்டுப் பின்னறையில் பெட்டிகளில் இருக்கின்றன. வேலை முடிந்து வந்ததும் ஒவ்வொரு நாளும் பத்துப் பத்தாக எடுத்து, எழுபத்தொன்பதாம் பக்கத்தைக் கையால் திருத்திக்கொண்டிருக்கிறேன். கணவர் எட்டிப் பார்த்து, "புதுசாவே அச்சடிச்சிரலாமே" என்றார். அடிக்கலாம்தான். ஆனால் என் கையாலேயே எழுதினால்தான் ஆகும் போலிருக்கிறது. ஒவ்வொரு தடவையும் "சந்தோஷமாக இருந்தது" என்ற இடத்தில் பேனா கொஞ்சம் தயங்குகிறது, பிறகு எழுதிவிடுகிறேன்.

நூற்றுக்கும் மேற்பட்டவை ஏற்கெனவே விற்றுப்போய்விட்டன. பள்ளி நூலகங்களிலும் யார் யார் வீட்டு அலமாரிகளிலும் இருக்கின்றன. யாரிடம் போய்த் திருப்பிக் கேட்பது என்று தெரியவில்லை. அந்தப் புத்தகங்களில் எலி இன்னமும் என் அக்காவின் சப்பாத்தைத் தின்றுகொண்டுதான் இருக்கிறது.