ஏழு பேருக்கு ஒரு மண்டபமோ?

2006 ஒக்ரோபர், ஒரு சனிக்கிழமை. பகல் பன்னிரண்டேகாலுக்குப் புரோசார்ட்டில் பஸ் எடுத்தேன். பாலம் தாண்டி டவுன்டவுன். அங்கிருந்து இரண்டரை டொலர் ரிக்கற்றில் மெட்ரோ, கோட்-வெர்த்து கடைசி நிலையம் வரை. வெளியே கவினோ காருடன் நின்றான். என்னோடு ஒரே ரெஸ்ரோரன்ற் குசினியில் வேலை செய்பவன். இத்தாலியின் சார்டினியாத் தீவில் அல்கேரோ என்ற ஊர்க்காரன். அந்த ஊரின் பழைய பேச்சு கட்டலான். நாங்கள் கதைப்பது பிரெஞ்சில். இங்கே தமிழாக்கி எழுதுகிறேன்.

“அம்மாவும் அப்பாவும் தங்களுக்குள்ள கட்டலான் கதைப்பினம். என்னட்டைத் திரும்பினா இத்தாலியன். பிள்ளை முன்னேறவேணுமாம்!” என்று ஸ்டியரிங்கில் குத்தினான்.

நாற்பது வயதுக்குப் பிறகு அந்தப் பாஷையைப் பொறுக்கிச் சேர்த்தவன், இப்போது ஒரு தேவாலய மண்டபத்தில் சனிதோறும் இரண்டு முதல் நான்கு வரை பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறான். ஏழு பேர். போன சனி மண்டபம் பறிபோனது. இன்றும் நடக்காவிட்டால் பெற்றோர் பிள்ளைகளை நிறுத்திவிடுவார்கள். பறித்தவர்கள் தமிழராம், அதனால்தான் என்னைக் கூட்டிப்போனான்.

1.50. இல்-பிசார். தனித்தனி வீடுகள், ஆளில்லாத தெரு. மண்டபத்துக்குள்ளே மைக் அலறியது. தமிழ்ப் பேச்சுப்போட்டிக்கு ஒத்திகை. பெற்றோர் குழுத் தலைவர் அன்ரன் சிரித்தபடி வந்தார்.

“வாங்கோ அண்ணை! நடுவரோ?”

“இல்லைத் தம்பி. இது இவையின்ர நேரம்.”

“ஏழு பேர்தானே? ஏழு பேருக்கு ஒரு மண்டபமோ? வெளியில மர வாங்கில இருந்து படிக்கட்டும்.”

எட்டாம் வகுப்போடு நின்றவன் நான். சபையில் வாய் திறக்கப் பயம். ஆனால் ‘நீங்கள் கொஞ்சப் பேர்தானே’ என்று ஊரில் எங்களுக்குச் சொன்னவர்களிடமிருந்து ஓடிவந்துதானே இந்தக் குளிரில் கிடக்கிறோம்!

மேடையில் அன்ரனின் மகள் மெலனி, பத்து வயது, “தமிழ் எங்கள் உயிர்” என்று முழங்கிக்கொண்டிருந்தாள். கையிலிருந்த தாளை எட்டிப் பார்த்தேன். தமிழ் முழுவதும் ஆங்கில எழுத்தில்.

“இந்தப் பிள்ளை தாளைப் பாராமல், காலமை என்ன சாப்பிட்டதெண்டு தமிழில சொல்லட்டும். சொன்னா நாங்கள் போறம். இல்லையெண்டா நாலு மணிவரைக்கும் மண்டபம் அவைக்கு,” என்றேன்.

“இதென்ன பெரிய வேலை? சொல்லு மெலனி.”

மெலனி தகப்பனிடம் பிரெஞ்சில் மெல்லக் கேட்டாள், இவர் என்ன சொல்கிறார் என்று. மைக் அதை மண்டபம் முழுக்கச் சொன்னது. பின்வரிசையில் சிரித்தார்கள். அவள் தாளால் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். அன்ரன் என்னைப் பார்க்காமல் மைக் வயரைப் பிடுங்கினார்.

அவர்கள் வெளியேற, வகுப்பு நடந்தது. ஏழு பேரும் மீன்களின் பெயர்களைக் கட்டலானில் கத்திக் கத்திச் சொன்னார்கள்.

4.10. காரில் கவினோ விசிலடித்தான். “வெண்டிட்டம்! ஏன் முகத்தை இப்பிடி வைச்சிருக்கிறாய்?”

மெட்ரோ வாசல் வரை அன்ரனைத் திட்டிக்கொண்டே வந்தேன். ரயிலில் ஏறிய பிறகு திட்ட ஆளில்லை. தகப்பனை வெட்கப்படுத்தப் போய்ப் பிள்ளையை அழவைத்திருக்கிறேன். விளங்கியோ விளங்காமலோ, அவள் தமிழில்தான் நின்று பேசிக்கொண்டிருந்தாள். அதை நிறுத்தியவன் நான்.