தோணிக் கடனில் துண்டு போட்டவன்

கிட்ட வந்து உக்காருங்க, சத்தமாச் சொன்னா காஜா காதுல விழுந்திரும். நகைக்குக் கடன் கொடுத்தால் பெட்டியில் பூட்டலாம், நிலத்துக்குக் கொடுத்தால் வரப்பில் நின்று பார்க்கலாம், தோணிக்குக் கொடுத்தால் கரையில் நின்று கையாட்ட மட்டும்தான் முடியும்.

இது எழுபதுகளின் கடைசியில் நடந்தது. மதுரை கீழமாசி வீதியில் வத்தல் மண்டி வைத்திருந்த எங்கள் மொதலாளி, சரக்கு ஏற்றுகிற தூத்துக்குடித் தோணிக்காரர்களுக்குத் தோணியின் பேரில் கடன் கொடுத்து வந்தார். அதைப் பார்த்துக்கொள்ள ரெண்டு ஆள். ஒருத்தன் நான்; நாகமலை புதுக்கோட்டைச் சம்சாரி வீட்டுப் பிள்ளை, படிப்பு அஞ்சாவதோடு சரி. இன்னொருத்தன் காஜா, காஜிமார் தெரு, என்னைவிட இளையவன், அவனும் பெரிய படிப்பெல்லாம் கிடையாது. தூத்துக்குடியில் ஒரு ரூம் பிடித்து, நாற்காலி போட்டு, எங்களில் ஒருத்தனைப் பொறுப்பாக உட்கார வைக்கப்போவதாக மொதலாளி சொல்லியிருந்தார். அந்த நாற்காலி எனக்குத்தான் என்று என் வீட்டுக்காரி ஊர் பூராவும் சொல்லிவிட்டாள்.

கூட வேலை பார்க்கிறவன் கெட்டிக்காரனாகவும் இருந்து, நல்லவனாகவும் இருந்து தொலைத்தால் வயிறு என்ன பாடுபடும் என்று பட்டவர்களுக்குத் தெரியும். உங்களுக்குத்தான் இதைச் சொல்கிறேன்.

கடையாணி

எங்கள் பக்கம் மாட்டுவண்டியை அடமானம் பிடித்தால் கடையாணியைக் கழற்றி வீட்டில் வைத்துக்கொள்வார்கள். வண்டி எங்கே ஓடிவிடும்? நான் தனியாகப் போய் முடித்த முதல் தோணிக்கும் அதே வழியைப் பிடித்தேன். தோணியைத் திருப்புகிற சுக்கான் பலகையைக் கழற்றி, உப்பு லாரியில் போட்டு, மதுரைக்குக் கொண்டுவந்து வத்தல் மூட்டைகளுக்கு நடுவில் சாத்தினேன். தோணிக்காரர் வாயைப் பிளந்துகொண்டு பார்த்தார். “மதுரைக்காரங்க கடன் குடுக்க வந்தியளா, கடலைக் கழட்ட வந்தியளா?” என்று கேட்டார். பாராட்டுகிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

சுக்கான் இல்லாத தோணி துறைமுகத்தில் கிடந்தது. ஓடினால்தானே வாடகை? வாடகை வந்தால்தானே வட்டி? காஜா அந்தப் பலகையைத் தடவிப் பார்த்துவிட்டு, “அண்ணே, அடமானம் வாங்கிட்டா தோணி நம்மளுது ஆயிராதாம். ஓட்டுறது அவுக பாடு. கடனைக் கட்டாம நின்னாத்தான் தோணி மேல நமக்குப் பாத்தியம்” என்றான், மெல்ல, எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி. அந்த மரியாதைதான் எனக்கு ஆகவில்லை. கத்திச் சொல்லியிருந்தால் சண்டையாவது போட்டிருப்பேன். மொதலாளிக்கு எப்படியோ கேட்டுவிட்டது.

“ஏம்ப்பா, மாட்டுக்குக் கடன் குடுத்தா அது வாயைத் தச்சுட்டு வந்துருவியோ?”

நல்ல நேரம்

அடுத்த தோணிக்குப் பத்திரம் எழுதும்போது நான் ரொம்பக் கவனமாக இருந்தேன். வளர்பிறை பார்த்து, ராகு காலம் தள்ளி, தோணிக்காரரிடம் கையெழுத்து வாங்கினேன். அதைத் துறைமுக ஆபீசில் பதிய வேண்டும் என்று தெரியும். ஆனால் மறுநாள் அஷ்டமி. அதற்கடுத்து நவமி. அப்புறம் கரிநாள். அதற்குள் சித்திரைத் திருவிழா வந்துவிட்டது. அழகர் ஆற்றில் இறங்கும்போது எவனாவது ஊரைவிட்டுப் போவானா? பத்திரம்தான் நம் இரும்புப் பெட்டியில் இருக்கிறதே என்று எதிர்சேவைக்குப் போய்விட்டேன்.

அதே தோணியின் பேரில் அந்த மனுசர் விருதுநகர்க்காரர் ஒருத்தரிடமும் கடன் வாங்கியிருந்தார். அவர் நமக்குப் பின்னால்தான் கையெழுத்து வாங்கியவர். ஆனால் அஷ்டமியன்றைக்கே போய்ப் பதிந்துவிட்டார். முதல் பாத்தியம் அவருக்கு, நாம் பின்னால் நிற்க வேண்டும் என்று துறைமுக ஆபீஸ் குமாஸ்தா சொன்னபோது, “நாங்கதான்யா முன்னால வாங்குனோம்!” என்று சத்தம் போட்டேன். காஜா என் தோளைத் தொட்டான். “அண்ணே, பஸ் ஸ்டாண்டுல முதல்ல வந்து நின்னவனுக்கா சீட்டு? ஜன்னல் வழியாத் துண்டு போட்டவனுக்குத்தானே? பதியிறது துண்டு போடுற மாதிரிண்ணே.” அம்புட்டுச் சட்டமும் எனக்கு ஒரு நொடியில் விளங்கிவிட்டது. அவனுக்கு எப்படி முன்னமே விளங்கியது என்பதுதான் விளங்கவில்லை. எரிச்சலோடு ஊருக்கு வந்தால், மண்டி வாசலிலேயே மொதலாளி நின்றுகொண்டிருந்தார்.

“நீ நல்ல நேரத்தைப் பாத்த. விருதுநகர்க்காரன் நேரத்தைப் பாத்தான்.”

மீன் தலை

ஒரு ஞாயிற்றுக்கிழமை காஜாவை வீட்டுக்குச் சாப்பிடக் கூப்பிட்டேன். எல்லாம் அவன் தொழில் ரகசியம் ஏதாவது சிக்குமா என்றுதான். அயிரை கிடைக்கவில்லை, விரால் மீன் குழம்பு. எங்கள் வீட்டில் மீன் தலை எனக்கு என்பது எழுதாத சட்டம். நான் கை கழுவிவிட்டு வருவதற்குள் என் வீட்டுக்காரி தலையை அவன் தட்டில் வைத்திருந்தாள். அவன் “அண்ணனுக்கு வைங்க அக்கா” என்று சொன்னான், சொல்லிக்கொண்டே உறிஞ்சினான். அவன் போன பிறகு நியாயம் கேட்டேன்.

“அந்தத் தம்பி வந்ததும் வராததுமா ‘தலை வாசம் தெருவுக்கே வருதுக்கா’ன்னுச்சு. இம்புட்டு வருசத்துல நீரு ஒரு வார்த்தை சொல்லிருக்கீரா? அது பதிஞ்சிருச்சு, நீரு பெட்டியில வச்சிருந்தீரு!”

யாரு முன்னால

ஒரு தோணிக்காரர் நொடித்துப்போய், அவர் தோணி கோர்ட்டு ஏலத்துக்கு வந்தது. அந்தக் கடனைப் பார்த்தது காஜா. எழுதின அன்றைக்கே பதிந்துவிட்டான், முதல் பாத்தியம் நமக்கு. அதற்கு மேல் என்ன வந்துவிடப் போகிறது? ஆனால் வக்கீல் சொன்னார்: ஏலத்தில் வருகிற பணத்தில் தோணியில் வேலை பார்த்தவர்களின் சம்பளப் பாக்கிதான் முதலில் போகும், அப்புறம்தான் பதிந்தவன். எனக்கு உள்ளுக்குள் நாதஸ்வரம் வாசித்தது. கவுந்தான்டா காஜா!

அவன் கவிழவில்லை. கடன் கொடுப்பதற்கு முன்னால் நான் தோணியின் மரத்தை விரலால் தட்டித் தட்டி, எங்கே உளுத்திருக்கிறது என்று கேட்டுக்கொண்டிருப்பேன். அது எனக்கு அத்துபடி. அப்போதெல்லாம் காஜா, தோணியை ஓட்டுகிற தண்டலோடு டீ குடித்துக்கொண்டிருப்பான். வேலைக்குக் கள்ளம் பண்ணுகிறான் என்று நினைத்தேன். அவனோ சம்பளம் எம்புட்டு நிற்கிறது என்று கேட்டு, அதைக் கழித்து மிச்சத்துக்குத் தக்கபடிதான் கடன் கொடுக்கச் சொல்லியிருக்கிறான். மொதலாளியின் பணம் முழுசாக வந்துவிட்டது. பொறுக்க மாட்டாமல் அந்தத் தண்டலிடம் கேட்டேன், “பதிஞ்ச எங்களுக்கு முன்னால நீங்க எப்படி அண்ணாச்சி?”

“ஒங்க பத்திரம் பெட்டியில கெடந்துச்சு. நாங்க காத்துலயும் மழையிலயும் பாய்மரத்துல கெடந்தோம். நீங்களே சொல்லுங்க, யாரு முன்னால?”

நாற்காலி

ஒரு வெள்ளிக்கிழமை, சாம்பிராணி போட்டு முடித்த கையோடு மொதலாளி எங்களைக் கூப்பிட்டார். “தூத்துக்குடிக்குக் காஜா போகட்டும்” என்றார். குடோனில் இருந்த வத்தல் மூட்டை அம்புட்டும் என் வயிற்றுக்குள் தீப்பிடித்த மாதிரி இருந்தது. வீட்டுக்காரி ஊரெல்லாம் சொல்லி வைத்த அந்த நாற்காலி, கால் முளைத்து நடந்து போவது கண்ணுக்குத் தெரிந்தது. வாழ்த்துச் சொல்ல வாயைத் திறந்தேன், இருமல்தான் வந்தது.

காஜா நகரவில்லை. “நான் மட்டும் போனா ஆகாது மொதலாளி. அண்ணன் தட்டிப் பாக்காத தோணிக்கு நான் பத்திரம் எழுத மாட்டேன். ரெண்டு நாற்காலி போடுங்க” என்றான். மொதலாளி என்னை ஏற இறங்கப் பார்த்தார். எனக்குச் சந்தோசப்படுவதா, இவனிடம் போய்க் கடன்பட்டோமே என்று அழுவதா என்று தெரியவில்லை. ஒரு வழியாகத் தலையை ஆட்டினேன்.

“சரி, ரெண்டு போடுறேன். அண்ணன் தம்பி யாரு முன்னாலன்னு அங்கன போயிப் பதிஞ்சுக்கங்க!”

துண்டு

திங்கட்கிழமை காலையில் அவனுக்கு முன்னால் நான் பஸ் ஸ்டாண்டில் போய் நின்றேன். இதிலாவது முந்திவிட வேண்டும் என்று வீட்டுக்காரி கட்டிக் கொடுத்த புளிச்சோற்றையும் அவசரமாக வாங்கிக்கொண்டு வந்திருந்தேன். தூத்துக்குடி பஸ் உள்ளே நுழைந்தது. கூட்டம் முண்டியது. நான் ஒரு கையில் பெட்டியும் ஒரு கையில் புளிச்சோற்றுத் தூக்குவாளியுமாக, துண்டை எந்தக் கையால் எடுப்பது என்று யோசித்துக்கொண்டிருந்தேன். பஸ்ஸின் அந்தப் பக்கத்திலிருந்து ஒரு குரல் வந்தது.

“ஏறி வாங்கண்ணே, ஒங்களுக்கும் சேத்துத்தான் போட்டிருக்கேன்!”

எனக்குச் சீட்டுப் பிடித்துக் கொடுத்துவிட்டு, என் மடியிலிருந்த தூக்குவாளியையும் வாங்கித் தன் மடியில் பத்திரமாக வைத்துக்கொண்டு, ஜன்னலோரத்தில் அவன் உட்கார்ந்துகொண்டான்.