காரணம் எழுதும் கட்டம்

ஒரு விதியை நிறுத்திவிட்டால் அந்த இடம் வெறுமையாகிவிடுமா, அல்லது அதற்குக் கீழே கிடந்த பழைய விதி எழுந்து வந்து உட்கார்ந்துகொள்ளுமா? புத்தகத்தில் படித்திருந்தால் ஒரு மணி நேரம் யோசித்துவிட்டு மூடி வைத்திருக்கலாம். காரணக்காவின் வாழ்க்கையில் இந்தக் கேள்வி ஓர் உயிரைக் கொண்டுபோயிற்று.

அலுவலகத்தில் அவரை அப்படித்தான் கூப்பிட்டார்கள். வீடுகளில் இருக்கும் நோயாளிகளுக்கு நர்ஸ் அனுப்பும் நிறுவனம் அது. எந்த வீட்டுக்கு, எந்த நாளில் போக வேண்டும் என்பதை மென்பொருள் முடிவு செய்யும். அதற்கான விதிகள் அக்காவின் பொறுப்பு. ஒரு விதியைத் திருத்தினால் புதிய பதிப்பு பழையதன்மேல் அடுக்கப்படும், பழையது அழியாது. எந்தப் பதிப்பு விழித்திருக்க வேண்டும், எது தூங்க வேண்டும் என்று குறிப்பதுதான் வேலை. ‘நிறுத்தம்’ என்று குறித்தால் மென்பொருள் அந்தப் பதிப்பைத் தாண்டி, அடுக்கில் கீழே விழித்திருப்பதைத் தேடிப் போகும். ‘தடை’ என்றால் தேடல் அங்கேயே நின்று, விஷயம் ஒரு மனிதரின் மேசைக்கு வரும். ‘பூட்டு’ போட்டுவிட்டால் அந்தப் பதிப்பை அதன்பின் யாராலும் திருத்தவோ அழிக்கவோ முடியாது.

எதைக் குறித்தாலும் பக்கத்தில் ‘காரணம்’ என்றொரு கட்டம் வரும். காலியாக விட்டால் மென்பொருள் நகராது. ஆகவே ஆளாளுக்கு அதில் ஒரு புள்ளியைத் தட்டிவிட்டுப் போவார்கள். அக்கா விடமாட்டார்.

“என்னப்பா இது, எறும்பு மாதிரி ஒண்ணு செத்துக் கிடக்கு?”

“காரணம்க்கா.”

“புள்ளி வாக்கியத்தோட கடைசியில வரணும். உன்கிட்ட வாக்கியத்தையே காணோமே. உக்காந்து எழுது.”

“இதெல்லாம் யாருக்கா படிக்கப் போறாங்க?”

“ஏதாவது ஆனா எல்லாரும் படிப்பாங்க.”

அவரைப் பெரிய அறிவாளி என்று சொல்ல முடியாது. கவனமானவர், அவ்வளவுதான். அந்தக் கவனத்தின்மேல் அவருக்குக் கொஞ்சம் கர்வமும் இருந்தது.

மூன்று நாள் தொடர் விடுமுறைக்கு முந்தைய மதியம், ஏழாம் பதிப்பு ஒரே வீட்டுக்கு இரண்டு நர்ஸுகளை அனுப்பத் தொடங்கியது. மேலாளர் தோளில் பையை மாட்டிக்கொண்டு வாசலிலிருந்தே சொன்னார்: “மேடம், ஏழைத் தூக்கிடுங்க. லீவு முடிஞ்சு பார்த்துக்கலாம்.”

“தடையா சார், நிறுத்தமா?”

“தடை போட்டா அத்தனையும் யார் மேசைக்கு வரும்? என் மேசைக்கா? நிறுத்திடுங்க மேடம், புண்ணியமாப் போகும்.”

அக்கா நிறுத்தினார். காரணத்தை மூன்று வரியில் எழுதினார். அதில் ஒரு சொல்கூடப் பொய்யில்லை. ஏழு தூங்கினால் விழிப்பது யார் என்று மட்டும் பார்க்கவில்லை. ஆறையும் ஐந்தையும் பல வருடங்களுக்கு முன் அவரே நிறுத்தியிருந்தார். விழித்துக்கொண்டது நான்கு.

பன்னிரண்டு வருடங்களுக்கு முன் நான்கை எழுதியதும் அவர்தான். வீட்டில் வயது வந்த உறவினர் ஒருவர் இருந்தால் விடுமுறை நாளில் நர்ஸ் போக வேண்டாம் என்றது அது. காரணக் கட்டத்தில், ‘ஓரிரு நாள் வீட்டார் பார்த்துக்கொள்வார்கள்’ என்று எழுதியிருந்தார்.

அக்காவின் அண்ணனுக்குத் தினமும் இதே நிறுவனத்தின் நர்ஸ் வந்து இன்சுலின் போட வேண்டும். அவருக்குக் கை நடுக்கம். அண்ணிக்கு நான்கு வருடமாகக் கண் தெரியாது. மென்பொருளின் கணக்கில் அண்ணி வயது வந்த உறவினர்.

விடுமுறையின் முதல் நாள் அண்ணி போன் செய்தார். “நர்ஸம்மா இன்னும் வரலையேம்மா.”

“லீவு நாள் அண்ணி, கொஞ்சம் முன்னப்பின்ன ஆகும். நம்ம ஆபீஸ்தானே, வராம எங்க போயிடுவாங்க?”

“உங்க அண்ணன் என்னையே போடச் சொல்றாரு. நான் போட்டா ஊசி அவருக்கா, தலகாணிக்கா?”

இருவரும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பைப் பிறகு அக்கா யாரிடமும் சொல்லவில்லை. அண்ணி சொல்லித்தான் வெளியே தெரிந்தது.

இரண்டாம் நாளும் யாரும் வரவில்லை. அண்ணி மறுபடி போனை எடுத்தபோது அண்ணன் தடுத்தார்: “அவ அங்கயே வேலை பார்க்கிறவ. வருவாங்கன்னு சொன்னா வருவாங்க. சும்மா நச்சரிக்காதே.” மூன்றாம் நாள் காலை வாந்தி. மதியம் மூச்சு இரைத்தது. அக்கா ஓடி வந்தபோது அண்ணனுக்கு அவரை அடையாளம் தெரியவில்லை. மறுநாள் மருத்துவமனையில் இறந்தார்.

அந்த மூன்று நாட்களில் நாற்பத்தொரு வீடுகளுக்கு நர்ஸ் போகவில்லை. நாற்பது வீடுகளில் வீட்டார் பார்த்துக்கொண்டார்கள்.

அண்ணியை அக்கா தன் வீட்டுக்கே அழைத்து வந்தார். பத்தாம் நாள் காப்பி டம்ளரைக் கையில் கொடுத்தபோது அண்ணி கேட்டார்: “அவங்க ஏன் வரலைன்னு ஆபீஸ்ல கேட்டியாம்மா?”

“பார்க்கிறேன் அண்ணி. சூடா இருக்கு, மெதுவா.”

அன்றுதான் மேலாளர் தன் அறைக்குக் கூப்பிட்டார். கதவைச் சாத்திவிட்டு, குரலைத் தாழ்த்தினார். “நாளைக்கு விசாரணைக்கு ஆளுங்க வராங்க. எட்டாம் பதிப்பு வந்தாச்சு, நாலு இனி எதுக்கு? அழிச்சிடுங்க. அதோட உங்க பேரும் போயிடும், தேதியும் போயிடும். கம்ப்யூட்டர் கோளாறுன்னு முடிச்சிடலாம். உங்களுக்காகத்தான் சொல்றேன் மேடம். இழந்தவங்களே நீங்கதானே, உங்களை யார் என்ன கேட்கப் போறா?”

அவர் சொன்னதில் கருணையும் இருந்தது, தன்னைக் காத்துக்கொள்ளும் அவசரமும் இருந்தது. இரண்டையும் பிரித்துப் பார்ப்பது கடினம். அக்கா தலையாட்டிவிட்டுத் தன் இடத்துக்கு வந்தார்.

மறுநாள் வந்தவர்கள் நான்காம் பதிப்பைத் திறந்து பார்த்தார்கள். அது அழிக்கப்படவில்லை. தடை போடப்பட்டு, அதன்மேல் பூட்டும் போடப்பட்டிருந்தது. எழுதியவர் பெயர், பன்னிரண்டு வருடத்துக்கு முந்தைய தேதி, வீட்டார் பார்த்துக்கொள்வார்கள் என்ற வரி எல்லாம் அப்படியே இருந்தன. இனி எவராலும் எடுக்க முடியாது. அந்த மாதத்தோடு அக்காவின் வேலை போயிற்று.

ஏன் பூட்டினீர்கள் என்று விசாரணையில் கேட்டார்கள். மேலாளர் கேட்டார். கூட வேலை பார்த்தவர்கள் கேட்டார்கள். எவருக்கும் அவர் சொல்லவில்லை. கடைசியில், அவரிடம் திட்டு வாங்கியவர்களில் ஒருவன் அந்தப் பூட்டுக்குரிய காரணக் கட்டத்தைத் திறந்து பார்த்தான்.

அதில் ஒரு புள்ளி இருந்தது.