மண்டோர் சீவிப் பார்த்த லேப்டாப்

லேப்டாப் கடைக்குள், மரம் சீவும் ஆள்களை மேய்க்கும் மண்டோரோடு போனவள் நெகிரி செம்பிலானிலேயே நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

தொண்ணூறுகளின் நடுவில் லிங்கிப் பக்கம் ஒரு சின்ன ரப்பர்த் தோட்டத்தில் கிராணியாக இருந்தேன். யார் வேலைக்கு வந்தார், யார் வரவில்லை என்பதெல்லாம் என் செக்ரோல் புத்தகத்தில்தான் ஏறும். ஒரு நாள் சிரம்பான் தலைமை அலுவலகத்திலிருந்து உத்தரவு வந்தது. இனி மாதக் கடைசியில் செக்ரோல் டிஸ்கில் வரவேண்டும். முடியாத தோட்டம் புத்தகத்தை அனுப்பிவிடலாம், அங்கேயே செய்துகொள்வார்களாம். அப்புறம் கிராணி எதற்கு? பதினோரு வருஷம் எழுதிய கைக்கு இதுதான் மரியாதை. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நேரே தோட்டத்து மேனேஜரான துரையிடம் போய், "நானே செய்றேன், மெஷின் வாங்கிக் குடுங்க" என்றேன். போர்டிக்சனில் ஆறு வாரம் கம்ப்யூட்டர் வகுப்புக்குப் போன தைரியம். அதிலும் பாதி மறந்துவிட்டது.

துரை மலாய்க்காரர். புதிதாக வந்தவர், அதிகம் பேசமாட்டார். "மலிவா ஒண்ணு பாத்து வாங்கு. இந்த மாசமே டிஸ்க் போகணும். போகலைன்னா உன்னை வச்சிக்க என்னால முடியாது" என்றார். எங்கள் தோட்டத்தில் இன்ஜின் கரண்டு. காலை எட்டு மணிக்கு நிறுத்தினால் சாயங்காலம்தான் மறுபடி வரும். அதனால் பேட்டரி உள்ள லேப்டாப்தான் தோது.

மண்டோர் என்னோடு வேனில் ஏறியது பல் பிடுங்க. சிரம்பான் தெமியாங்கில் இறங்கியதும் பல்லை மறந்துவிட்டு என் பின்னாலேயே கடைக்குள் வந்துவிட்டார். கடைக்காரச் சீனப் பையன் மூன்றை எடுத்து வைத்தான். ஒன்று மெல்லிசு. ஒன்று கலர் ஸ்கிரீன். மூன்றாவது யாரோ வைத்திருந்து விற்ற கறுப்பு மெஷின், செங்கல் கனம். மெமரி, ஸ்பீடு என்று ஒரு பாட்டம் பாடி முடித்து, எல்லாமே மூன்று மணி நேரம் நிற்கும் என்றான்.

"யாரு சொன்னா?" என்றார் மண்டோர்.

"கம்பெனி சொல்லுது, அங்கிள்."

"புதுசா வர்றவன் எவன்லா எனக்கு மரம் சீவத் தெரியாதுன்னு சொல்லுவான்? பத்து மரம் சீவிக் காட்டட்டும்."

எங்கள் தோட்டத்து வழக்கம் அது. புது ஆள் வந்தால் பத்து மரம் கொடுத்துச் சீவச் சொல்லி, மண்டோர் பின்னாலேயே நிற்பார். பட்டையில் காயம் பட்டால் ஆள் வீட்டுக்குப் போகலாம். அதே மாதிரி மூன்று மெஷினின் ஒயரையும் பிடுங்கச் சொன்னார், நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். பையன் என்னைப் பார்த்தான். நான் கூரையைப் பார்த்தேன். பிறகு கறுப்பில் எதையோ தட்டத் தொடங்கினேன்.

"சும்மா தட்டாத. நம்ம ஆளுங்க பேரைப் போடு" என்றார். தமிழ் எழுத்து இல்லாததால் மலாயில் போட்டேன். பேர், முப்பத்தொரு நாளுக்கு முப்பத்தொரு கட்டம், கடைசியில் குறிப்பு. குறிப்புக்கு அவர் சொல்லச் சொல்லத் தட்டினேன். இவன் சம்பளத்துக்கு மறுநாள் வரமாட்டான். இவள் பாலில் தண்ணி ஊத்துவாள். இவன் நல்லவன், பெண்டாட்டி இல்லாத இடத்தில். நாற்பது பேரும் முடிந்ததும், "துரையையும் போடு, பால் மரத்துக்கும் பலா மரத்துக்கும் வித்தியாசம் தெரியாது" என்றார். சிரித்துக்கொண்டே தட்டினேன். புத்தி கெட்டவள் நான்!

அதற்குள் மெல்லிசு ஒரு மணி நேரத்தில் கண்ணை மூடிவிட்டது. கலர் அடுத்த அரை மணியில். கறுப்பு மட்டும் எரிந்துகொண்டே இருந்தது. எனக்குப் பசி. மண்டோரைக் காவலுக்கு வைத்துவிட்டு நாசி லெமாக் வாங்கப் போனேன். கடையில் கூட்டம், திரும்பி வர அரை மணி ஆனது. கறுப்பு அப்போதும் எரிந்தது. துரை கொடுத்த பணத்துக்குள் அதுதான் அடங்கியது. பை ஒன்றையும் மண்டோர் ஓசியில் பிடுங்கிக்கொண்டார்.

மாதக் கடைசியில் அந்த நாற்பது பேரை மறுபடி எதற்குத் தட்ட வேண்டும்? கடையில் செய்த பட்டியலிலேயே நாள் கணக்கைப் போட்டு டிஸ்கை அனுப்பினேன். அந்தச் சின்ன ஸ்கிரீனில் முப்பத்தொரு கட்டத்துக்கு அப்பால் இருந்தது கண்ணில் படவே இல்லை. நாற்பது பேருக்குக் கீழேயும் இறங்கிப் பார்க்கவில்லை.

மூன்றாம் நாள் துரை கூப்பிட்டார். மேசையில் ஓரமெல்லாம் ஓட்டை போட்ட அகலத் தாள், தலைமை அலுவலகத்தில் அச்சடித்தது. குறிப்பு எல்லாம் வரிசையாக நின்றது. நாற்பத்தொன்றாவது வரியில் விரலை வைத்து, பலா மரம் வரை வாய்விட்டுப் படித்தார். வேலை போச்சு என்று முடிவு செய்து, "துரை, அது வந்து..." என்று தொடங்கினேன்.

"கீழ பாரு" என்றார்.

நாற்பத்திரண்டாவது வரி ஒன்று இருந்தது. நான் போட்டதில்லை. கெரானி என்று இருந்தது, மலாயில் கிராணி. அதற்கு நேரே, முழுக்கப் பெரிய எழுத்தில், இடைவெளி கண்டபடி விட்டு மலாயில்: வாய் சத்தம். வேலை சுத்தம். விட்டுறாதீங்க.

"எல்லாத் தோட்டத்துலயும் நாள் கணக்கு தப்பில்லாம வந்தது இது ஒண்ணுதானாம்" என்றார் துரை. "என் வரியை அழி. கடைசி வரி இருக்கட்டும்."

மறுநாள் விடியலில் பேர் கூப்பிடும் பெரட்டுக்கு ஆள்கள் வரிசையில் நின்றபோது மண்டோரிடம் போனேன். "அண்ணே, நீங்களா தட்டுனீங்க?"

"எழுத்து விழுதான்னு பாத்தேன்லா" என்று சொல்லிவிட்டு, பிந்தி வந்த ஒருவனைத் திட்டப் போய்விட்டார்.

எங்கள் மண்டோர் ஒற்றை விரலால் ஒவ்வொரு எழுத்தாகத் தேடித்தான் தட்டியிருப்பார். நான் நாசி லெமாக் வாங்கி வந்த அந்த அரை மணி முழுக்க அந்த ஒரு வரிக்கே ஆகியிருக்கும்.