சூலத்துக்கு லோரி பேட்டரி

போன சனிக்கிழமை சாயங்காலம் ஐந்து மணி. எங்கள் தோட்டத்து மாரியம்மன் தேரிலிருந்து லேசாகப் புகை வந்தது. சுற்றி நின்ற பெண்கள் சாம்பிராணி என்று நினைத்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். நான் மட்டும் ஓடிப்போய் சுவிட்சை அணைத்தேன். எட்டு வருஷமாக எலெக்ட்ரானிக்ஸ் ஃபேக்டரியில் சோல்டரிங் செய்கிறவளுக்கு, ரெசிஸ்டர் கருகும் வாசனை தெரியாதா?

விஷயத்துக்கு வருகிறேன். வருஷா வருஷம் எங்கள் தேருக்குப் பின்னால் ஒரு ஜெனரேட்டர் வரும். அதன் சத்தத்தில் உருமி கேட்காது, புகையில் அம்மன் முகம் தெரியாது. இந்த வருஷம் அது வேண்டாம் என்று கோயில் கமிட்டியிடம் போய் நின்றேன். எல்.இ.டி. என்று பட்டாணி அளவில் சிவப்பு விளக்கு வந்திருக்கிறது. அறுபது விளக்கில் ஒரு சூலம் செய்து தருகிறேன். ஹோண்டா கப் மோட்டார் சைக்கிளின் சின்ன பேட்டரியே போதும் என்றேன்.

தோட்டத்துக் கங்காணியான தலைவர் மண்டோர் ஐயா என்னை மேலும் கீழும் பார்த்தார். “பொம்பளப் புள்ள பேச்ச நம்பி ஜெனரேட்டர வேணாங்கிறோம். தேரு இருட்டுல போச்சுன்னா அப்புறம் கமிட்டி ரூம் பக்கமே வரக்கூடாது, சரியாம்மா?”

“சரிங்கய்யா” என்றேன். வாய்க்கொழுப்பு, வேறென்ன!

மூன்று வாரம் உட்கார்ந்து செய்தேன். எல்.இ.டி. ஒரு விசித்திரப் பிறவி. கொடுக்கிற கரண்டையெல்லாம் குடிக்கும், போதும் என்று சொல்லத் தெரியாது. அதனால் ஒவ்வொன்றுக்கும் ஒரு ரெசிஸ்டரைக் காவல் வைக்க வேண்டும். கப் பேட்டரி ஆறு வோல்ட். விளக்குக்கு இரண்டு போக, மீதி நாலு வோல்ட்டை ரெசிஸ்டர் தாங்க வேண்டும். கணக்குப் போட்டு 220 ஓம் எடுத்தேன். சிவப்பு, சிவப்பு, பழுப்புக் கோடு — ஃபேக்டரியில் நான் தினமும் பார்க்கிற முகம்தான்.

அப்புறம் ஏன் புகை?

கமிட்டிச் செயலாளர் முனியாண்டி அண்ணன் லோரி டிரைவர். நான் குளிக்கப் போன நேரத்தில், தன் லோரியிலிருந்து பன்னிரண்டு வோல்ட் பேட்டரியைக் கழற்றித் தேரில் மாட்டிவிட்டார்!

“ஆத்தாளுக்கு இத்துனூண்டு பேட்டரியா தங்கச்சி? மனசு கேக்கல. பளீர்னு எரிஞ்சிச்சு, நீ பாக்கலியே!”

“ஏழு வெளக்கு செத்துப் போச்சுண்ணே. சின்ன பேட்டரியவே மாட்டுங்க.”

மண்டோர் ஐயா குறுக்கே வந்தார். “பேட்டரிக்குப் பொட்டு வச்சு, எலுமிச்சம்பழம் குத்தி, கற்பூரம் காட்டியாச்சு. தேர்ல ஏறுனத எறக்கக் கூடாதும்மா. ஜெனரேட்டருக்கு ஆள் அனுப்பவா?”

அன்பை அளக்காமல் கொட்டுகிறவர்களை என்ன சொல்லித் திட்டுவது? பெரிய ரெசிஸ்டர் வாங்கக் கிள்ளான் டவுனுக்குப் போக வேண்டும். பஸ் போய்ச் சேர்வதற்குள் கடையைச் சாத்திவிடுவான்.

அப்போதுதான் பொறி தட்டியது. பேட்டரியை மாற்ற முடியாது... விளக்குகளை ஜோடி சேர்த்தால்? ஒரு விளக்கும் அதன் ரெசிஸ்டரும் ஆறு வோல்ட் தாங்கும். அப்படி இரண்டை ஒன்றன்பின் ஒன்றாக இணைத்தால் பன்னிரண்டையும் சரிபாதியாகப் பங்கு போட்டுக்கொள்ளும். புதிதாக ஒரு ரெசிஸ்டர்கூட வாங்க வேண்டாம்!

“ஆள் அனுப்பாதீங்கய்யா. ஏழு மணி வரைக்கும் டைம் குடுங்க” என்றேன்.

கோயில் பிளக்கில் சோல்டரிங் அயர்னைச் செருகினேன். செத்துப்போன ஏழுக்கும் கையிருப்பில் இருந்த விளக்கையும் ரெசிஸ்டரையும் மாற்றினேன். முனியாண்டி அண்ணன் பாவமன்னிப்புக் கேட்பவர் மாதிரி ஒயரை வெட்டி வெட்டிக் கொடுத்தார். முப்பது ஜோடி. ஏழு மணிக்கு ஐந்து நிமிஷம் இருக்கும்போது கடைசி ஈயம் உறைந்தது.

சுவிட்சைப் போட்டேன்.

அறுபதும் எரிந்தன. ஒன்றுகூடப் பொய் சொல்லவில்லை. செக்கச்செவேலென்று சூலம் நின்றது. “தாயே!” என்று கூட்டம் போட்ட சத்தத்தில் எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. தேர் நகர்ந்தது. முதல் தடவையாக உருமிச் சத்தம் கடைசி லயத்து வீடு வரை கேட்டது. முனியாண்டி அண்ணன் ஆட ஆரம்பித்தவர் நிறுத்தவேயில்லை.

மறுநாள் காலை மண்டோர் ஐயா என் வீட்டுக்கே வந்தார். “கமிட்டி ரூமுக்கு வாம்மா. கரண்டு பொறுப்பு இனிமே ஒன்னோடது.” அந்த அறையில் ஒரு பெண்ணுக்கு நாற்காலி போட்டது அதுதான் முதல் தடவை. எனக்குக் கால் தரையில் பாவவில்லை.

உட்கார்ந்த கையோடு ஒரு தீர்மானம் கொண்டுவந்தேன், ஏகமனதாக நிறைவேறியது — பேட்டரிப் பெட்டிக்குப் பூட்டு.

சாவி? என் தாலிக்கொடியில்!